காரை ஊரிலேயே விட்டுவிட்டுப் போ

கோட்டையூர்

அன்புள்ள உமையாள்,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த சேதி படித்து மனசு நிறைந்துவிட்டது. மகளுக்கு உடம்பு தேறும்வரை மயிலாப்பூரில் இருக்கப் போகிறாய், சரி. அதற்காகக் காரையும் ஓர் ஆக்டிங் டிரைவரையும் கூட்டிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம் என்று சொல்லத்தான் கையோடு எழுதுகிறேன்.

அடையாற்றில் மூத்தவள் வீட்டில் இருந்தபோது நான் பஸ்ஸில்தான் எங்கும் போனேன். மாட வீதியில் காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் கபாலீசுவரர் கோவிலில் நடை சாத்திவிடுவார்கள். நமக்கெல்லாம் பட்டணத்து பஸ் என்றால் பயம். எந்த பஸ், எப்போது வரும், எங்கே இறங்குவது என்று தெரியாமல் நிற்கிற பயம் அது. அதை இப்போது போன் தீர்த்துவைக்கிறது.

கூகுள் மேப்பில் போகிற இடத்தைப் போட்டதும் காருக்கு வழி காட்டும். மேலே இருக்கும் பஸ் படத்தைத் தொடு. எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், எந்த நிறுத்தம், எந்த நம்பர் எல்லாம் வரும். பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர் போகிற 29சி அடையாறு, மயிலாப்பூர் வழியாகத்தான் போகிறது. எனக்குப் பழகிய பஸ் அது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. ஒரே பெயரில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நிறுத்தமும் அந்தப் பக்கம் ஒன்றும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அப்புறம் சாலையைக் கடந்து போ. ஏறி உட்கார்ந்ததும் போனைப் பையில் போட்டுவிடாதே. நீ இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி மேப்பில் நகர்ந்துகொண்டே வரும். இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தின நிறுத்தம் தாண்டியதும் எழுந்து படிப்பக்கம் வந்துவிடு. கண்டக்டரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

2025-இல் வந்த ‘சென்னை ஒன்’ செயலியையும் போட்டுக்கொள். மாநகர பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம். இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த சாதாரண பஸ்ஸில் நமக்குக் கட்டணமே கிடையாது, 2021-லிருந்து அப்படித்தான். ஆனால் கண்டக்டரிடம் இலவசச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள். ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். பெட்டியோடு அங்கிருந்து மாறுவது சிரமம். பல்லவன் ரயிலில் எழும்பூர் போய் இறங்குவதே உனக்கு நல்லது.

மெட்ரோ வேலை நடக்கிற பக்கம் மட்டும் போன் சொல்லும் நேரத்தை நம்பாதே. நாலு நிமிடம் என்று காட்டும், பஸ் அடுத்த தெருவில் சிக்கிக்கொண்டு நிற்கும். அந்த மாதிரி நாளில் அரைமணி முன்னதாகக் கிளம்பு.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து எனக்கு வேறொரு ஆதங்கம். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஆத்தங்குடிக்கு எப்படிப் போவது என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். டாக்ஸி பேசுங்கள் என்றுதான் சொல்ல முடிகிறது. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. டவுன் பஸ் நேரம் மட்டும் இன்னும் டைம் கீப்பர் நோட்டிலும் டீக்கடைக்காரர் வாயிலும்தான் இருக்கிறது. பள்ளத்தூரிலிருந்து கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் ஒரு பஸ் தவறினால் அடுத்தது எப்போது என்று தெரியாமல் வெயிலில் காய்கிறார்கள். அதனால்தான் வீட்டுக்கு வீடு டூவீலர்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். பஸ் நேரத்தை மேப்பில் ஏற்றுவதற்கென்று ஓர் அட்டவணை முறை இருக்கிறதாம். 2005-இல் அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்துக் கழகமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியதாம். நிறுத்தத்தின் பெயர், அது இருக்கும் இடம், பஸ் வரும் நேரம், இவ்வளவுதான் வேண்டும் என்கிறார். வெறும் எழுத்துக் கோப்புகள். அழகப்பா பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஒரு செமஸ்டரில் செய்துவிடுவார்கள் உமையாள்! பட்டியலை நம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கையில் கொடுத்து, நீங்களே ஏற்றுங்கள் என்று கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

புதுவயல், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி பக்கத்து நேரங்களை நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். தேவகோட்டை உன் பங்கு. சென்னை கிளம்புவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கு ஒருநாள் காலையும் ஒருநாள் மாலையும் போய், உள்ளூர் பஸ் எல்லாவற்றின் நேரத்தையும் வழியையும் குறித்து எனக்கு அனுப்பு. வழியில் நிற்கிற ஊர்ப் பெயர்களை விட்டுவிடாதே.

அன்புடன்,
சிகப்பி