சீட்டும் பில்லும் ஏன் கேட்கிறோம்: தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாகவே நம் கடையில் சில மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் தருவதில்லை. பெயரும் போன் நம்பரும் கேட்டு எழுதிக்கொள்கிறோம். பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் பில் போட்டுத்தான் கொடுக்கிறோம். "இத்தனை வருஷமா இங்கதான் வாங்குறோம், எங்களையே சந்தேகப்படுறீங்களா?" என்று தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கமிருந்து வருகிற பலர் வருத்தத்தோடு கேட்கிறீர்கள். சாயங்காலக் கூட்டத்தில் நின்று விளக்க முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பில் விஷயம். 2025 அக்டோபரில் வந்த இருமல் சிரப் செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப் அது. அதைக் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலும் சிந்த்வாரா மாவட்டத்துப் பிள்ளைகள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்த பேட்ச்சில் (ஒரே தடவையில் சேர்ந்து தயாரான மருந்துத் தொகுதியை அப்படிச் சொல்வார்கள்) டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத பொருள் அது. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் கரைப்பான். இனிப்பாக இருப்பதால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியாது, கொடுக்கிற தாய்க்கும் தெரியாது. சிரப்பில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் மருந்துத் தரத்தில் இல்லாவிட்டால், இந்த விஷமும் அதோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும். மூலப்பொருள் வந்து இறங்கும்போதே தயாரிப்பாளர் பரிசோதித்துவிட்டால் தடுத்துவிடலாம். அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் விட்டதற்குக் குழந்தைகள் உயிரைக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அக்டோபர் 1 முதல் அந்தச் சிரப்பின் விற்பனை தமிழ்நாட்டில் நிறுத்தப்பட்டது. இப்படி ஓர் உத்தரவு வந்தால், துறையிலிருந்தும் மொத்த வியாபாரியிடமிருந்தும் கடைகளுக்குத் தகவல் வரும். அலமாரியில் இருப்பதை உடனே எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டு, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி ஒட்டி, திருப்பி அனுப்பிவிடுவோம். இதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே விற்றுப்போன பாட்டில் யார் வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. பில்லில் உங்கள் பெயரும் நம்பரும் இருந்தால், கம்ப்யூட்டரில் பேட்ச் நம்பரைத் தட்டினாலே வாங்கியவர்கள் பட்டியல் வந்துவிடும். உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "அந்த மருந்தைக் கொடுக்காதீங்க, எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிடலாம். பில் இல்லாமல் போன பாட்டிலைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு வழியே இல்லை. உங்கள் நம்பரை இதற்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம், விளம்பரச் செய்தியும் அனுப்ப மாட்டோம்.

சின்னக் குழந்தைக்குச் சளி மருந்து கேட்டு வரும்போது நாங்கள் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. 2 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குக் கீழேயும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபர் 3 அன்று அறிவுறுத்தியது. சளிக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் கூட்டு மருந்து 4 வயதுக்குக் கீழே கூடாது. காய்ச்சலுக்கு நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழே கூடாது என்பது 2011-லிருந்தே உள்ள தடை. "பெரியவளுக்கு வாங்கினது மிச்சம் இருக்கு, சின்னவனுக்குப் பாதி மூடி குடுக்கலாமா?" என்று கேட்கிற அம்மாக்களே, தயவுசெய்து கொடுக்காதீர்கள். குழந்தை மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ கடைக்கு வந்து நேரத்தைக் கழிக்காமல் நேராக ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடுத்தது சீட்டு. "அண்ணா, அந்தச் செகப்புக் கோடு போட்ட மாத்திரை ரெண்டே ரெண்டு குடுங்க, காய்ச்சல் விட்டுடும்." இதைக் கேட்காத நாளே இல்லை. அட்டையின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் எழுதாமல் தரக் கூடாத மருந்து என்று அர்த்தம். நீங்கள் இப்படிக் கேட்பது பெரும்பாலும் ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவை ஒழிக்கும் மருந்து. அது வைரஸ் காய்ச்சலுக்கும் சாதாரணச் சளிக்கும் வேலை செய்யாது. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டால் அது தானாக விட்டதாகத்தான் இருக்கும். ஆனால் இப்படி அடிக்கடி இரண்டிரண்டாக விழுங்கினால் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்குகிறவை மட்டும் தப்பிப் பிழைத்துப் பெருகும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்து படுத்தால் அதே மாத்திரை கைகொடுக்காது.

இதில் இன்னும் கண்டிப்பான பட்டியல் ஒன்று உண்டு. ஹெச் 1 அட்டவணை என்பார்கள். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீரியமான சில ஆன்டிபயாடிக்குகள், டி.பி. மருந்துகள், அல்பிரசோலம் போன்ற பழக்கமாகிவிடும் மாத்திரைகள் எல்லாம் இதில் வரும். விற்கும்போது நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர் என்று இதில் பேதம் பார்க்க முடியாது.

டி.பி. மருந்து வாங்குபவரின் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2018 முதல் மருந்துக் கடைகளின் கடமை. பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று சிலர் பயந்து வேறு ஏரியாவில் போய் வாங்குகிறார்கள். அந்தப் பயமே வேண்டாம். அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லப்போவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம், ஓட்டேரியில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆறு மாசம் சாப்பிட வேண்டிய மருந்தை இரண்டு மாசத்தில் உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்துவதுதான் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதித்துவிடுங்கள்.

டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைப் போதைக்காகத் தேடும் பிள்ளைகள் நம் பகுதியிலும் இருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும் தரமாட்டோம். கையில் சீட்டு இருந்தாலும் சந்தேகம் வந்தால் எழுதிய டாக்டருக்குப் போன் செய்து கேட்போம். பெற்றோர்கள் இதில் எங்கள் பக்கம் நிற்க வேண்டும்.

காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கி மீன் பிடிக்கப் போகிற அண்ணன்மார், பிரஷர், சுகர் மாத்திரை நடுக்கடலில் தீர்ந்துபோகாதபடி, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே சீட்டோடு வந்து சொல்லுங்கள். எடுத்து வைக்கிறோம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறோம், சீட்டை மட்டும் முதலில் காட்டுங்கள்.

இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் வீண். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள், நனையாத சின்ன டப்பாவில் வைக்கலாம். பெரும்பாலான இன்சுலின்களைத் திறந்த பிறகு சுமார் 4 வாரம்தான் பயன்படுத்தலாம். திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது மாதிரி மறுபடியும் தண்ணீர் புகுந்தால், நனைந்த அட்டைகளைக் காயவைத்துச் சாப்பிட வேண்டாம். எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.

விலை பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய அட்டையில் அச்சான விலை கூடுதலாக இருந்தாலும், குறைந்த விலைக்குத்தான் பில் வர வேண்டும். சந்தேகம் இருந்தால் கல்லாவில் கேளுங்கள்.

மாத்திரை சாப்பிட்டதும் தடிப்பு, முகவீக்கம், தலைசுற்றல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், எங்களிடமும் சொல்லுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்தின் பக்கவிளைவுகளை நீங்களே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. எந்தப் பேட்ச்சில் தவறு இருக்கிறது என்பது பல சமயம் இப்படி வருகிற தகவல்களிலிருந்துதான் தெரியவருகிறது.

மருந்தாளுநர் கடையில் இருக்கும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா, எது காலாவதி என்று அவர் பார்த்துச் சொல்வார். இதற்குக் கட்டணம் கிடையாது. மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை கூட்டம் குறைவு, அந்த நேரத்தில் வந்தால் நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் தண்டையார்பேட்டை மருந்துக் கடை