கார்ட்டூனுக்கும் வயதுக் குறியீட்டை அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்களுக்கான கார்ட்டூன் தொடர்களைக் கண்டித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பொம்மைப் படம் என்ற போர்வையில் இவை பிள்ளைகளுக்கு மாந்திரீகத்தைப் பழக்குகின்றன என்பது கட்டுரையாளரின் குற்றச்சாட்டு. அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கவலையை நானும் பட்டிருக்கிறேன். சென்ற கோடை விடுமுறையில் என் எட்டு வயதுப் பேரன் முத்தியால்பேட்டையில் எங்களுடன் தங்கியிருந்தான். ஒரு மதியம் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்னும் ஜப்பானியத் தொடரைப் பார்க்க வேண்டும் என்றான். வரைந்த படம்தானே என்று போட்டுக் கொடுத்துவிட்டு நான் கண்ணயர்ந்துவிட்டேன். அதில் ஒரு தகப்பன், அரசு தனக்குக் கொடுத்த தகுதியை இழந்துவிடக் கூடாது என்பதற்காக, பெற்ற மகளையும் அவள் வளர்த்த நாயையும் ரசவாதம் என்னும் பொருள் மாற்றும் வித்தையால் ஓருயிராக்கிவிடுகிறான். அன்றிரவு பேரன் என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தான். தெருவில் நாய் குரைத்தபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தான். படம் தொடங்கியபோது திரையின் மூலையில் வயதுக் குறியீடு தெரிந்திருக்கிறது. கார்ட்டூனுக்கு எதற்கு வயது என்ற எண்ணத்தில் நான்தான் அதைப் பார்க்கவில்லை.

அந்த எண்ணத்தைத்தான் தங்கள் கட்டுரையும் வளர்க்கிறது. கார்ட்டூன் பிறந்தபோது அது குழந்தைகளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பாரதியார் புதுவைக்கு வந்து சேர்ந்த அதே 1908-ஆம் ஆண்டில், பாரீசில் எமில் கோல் என்பவர் சுமார் 700 ஓவியங்களைக் கையால் வரைந்து, இரண்டு நிமிடங்கள்கூட நிறையாத ஒரு படத்தை உருவாக்கினார். அதைப் பார்த்தவர்கள் அன்றைய அரங்குகளுக்கு வந்த பொதுமக்கள். 2007-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்ற பெர்செபோலிஸ், ஈரான் புரட்சிக்கு நடுவே வளரும் ஒரு பெண்ணின் கதையைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் சொல்கிறது. சிறையும் மரண தண்டனையும் வரும் அந்தப் படத்தைப் பொம்மைப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் முப்பது ஆண்டுகள் பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் கற்பித்தவன். பேரன் பயந்த மறுநாள் அந்தத் தொடரை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கியபோது, என் கண் முதலில் போனது கோடுகளின் மேல்தான். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள், ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்தாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். அப்படியே முழுக்க வரைந்தால் 22 நிமிடப் பகுதி ஒன்றுக்கு 15,840 ஓவியங்கள் ஆகும். அசையாத இடங்களில் ஒரே ஓவியத்தை நிறுத்திவைத்து இந்த எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள் என்றாலும், அசைய வேண்டிய இடத்தில் கணக்குத் தப்பக் கூடாது. எட்டு ஆரக்கால்கள் உள்ள ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரக்கால்களுக்கு இடையே 45 பாகை. ஓர் ஓவியத்துக்கும் அடுத்த ஓவியத்துக்கும் நடுவே சக்கரத்தை அதில் பாதிக்கு மேல், அதாவது 22.5 பாகைக்கு மேல், திருப்பிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்குச் சக்கரம் பின்னோக்கி உருளும். சரியாக 45 பாகை திருப்பினால் வண்டி ஓடும், சக்கரம் நிற்கும். இதை என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் புரியவைக்க ஒரு வகுப்பு முழுவதும் தேவைப்பட்டது. அந்தத் தொடரின் நாயகனுக்கு ஒரு கையும் ஒரு காலும் எஃகால் ஆனவை; அவை பழுதாகின்றன, ஒரு பெண் மெக்கானிக் அவற்றைக் கழற்றிச் சரிசெய்கிறாள். மந்திரக் கதைக்குள் திருகாணிக்கும் பராமரிப்புக்கும் இவ்வளவு மரியாதை கொடுத்தவர்களை நான் மதிக்கிறேன்.

இனி மாந்திரீகத்துக்கு வருகிறேன். தரையில் வட்டம் போட்டு, அதற்குள் குறிகள் எழுதி, அதன் மேல் கை வைத்தவுடன் ஏதோ நடப்பதைக் காட்டுகிறார்கள் என்பதுதானே குறை? மாலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்க வரும் நண்பர், மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இதைக் கேட்டதும், "நம்ம வீட்டு வாசல்ல மாட்டியிருக்கிற செப்புத் தகடும் அதுதானேங்க?" என்றார். அவர் சொன்னது சரி. கோடும் எழுத்தும் கீறிய தகட்டுக்கும் யந்திரம் என்றுதான் பெயர், அவர் மில்லில் ஓட்டிய பொறிக்கும் இயந்திரம் என்றுதான் பெயர். இரண்டும் ஒரே சொல். ரசவாதம் நமக்கு அயலான சரக்கும் இல்லை. போகர் என்னும் சித்தர் ஒன்பது நஞ்சுகளைச் சேர்த்து நவபாஷாணம் கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமிகளின் சமாதியைக் கும்பிடுகிறோம். அரவிந்தர் ஆசிரமத்து அன்னையே இளமையில் அல்ஜீரியாவின் த்லெம்சென் நகரில் மாக்ஸ் தெயோன் என்ற ஆசானிடம் மறைஞானம் பயின்றவர். இத்தனைக்கும் நடுவே வாழும் ஊரில், வரைந்த வட்டம் ஒன்று பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று எழுதுவது பொருந்தவில்லை.

மேலும், அந்தத் தொடர் ரசவாதத்தைப் புகழவில்லை. ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு ஈடான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது அதில் வரும் விதி. இறந்த தாயை மீட்க முயன்ற இரு சிறுவர்களில் மூத்தவன் கையையும் காலையும் இழக்கிறான், இளையவன் உடலையே இழக்கிறான். நீரின் மேல் நடப்பதும் வேறோர் உடம்பில் புகுவதும்கூட ஆகிவிடும், மனத்தை அடக்குவதே அரிது என்று தாயுமானவர் பாடியதைப் படித்தவர்களுக்கு இந்தக் கதையின் போக்கு புதிதாக இருக்காது.

எல்லாப் பெரியவர் கார்ட்டூன்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. கெட்ட வார்த்தையையும் ரத்தத்தையும் அள்ளித் தெளித்துவிட்டு, அதையே முதிர்ச்சி என்று விற்கும் தொடர்கள் இருக்கின்றன. அவற்றில் கோடும் சோம்பல், கதையும் சோம்பல். அவற்றைத் தங்கள் விமர்சகர்கள் பெயர் சொல்லிக் கண்டிக்கட்டும். ஒட்டுமொத்தமாகச் சூனியம் என்று ஒதுக்குவதால் நல்லதும் கெட்டதும் ஒரே குப்பையில் சேர்கின்றன.

2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையத்தில் படம் காட்டும் ஓடிடி தளங்கள் ஒவ்வொரு படைப்பையும் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வகைப்படுத்த வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்கு, பிள்ளைகள் திறக்க முடியாதபடி தடுக்கும் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். அந்தப் பூட்டு இருப்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. எனக்கும் பேரன் பயந்த பிறகுதான் தெரிந்தது. தங்கள் நாளிதழின் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் புதிய திரைப்படங்களுக்கு இந்தக் குறியீட்டை அச்சிடுகிறீர்கள். அதே பக்கத்தில் கார்ட்டூன் தொடர்கள் மட்டும் 'சிறுவர் உலகம்' என்ற தலைப்பின் கீழ், குறியீடு ஏதுமின்றி வருகின்றன. அந்தத் தலைப்பிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வயதை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பூட்டை எப்படிப் போடுவது என்று படத்துடன் ஒரு சிறு விளக்கமும் வெளியிட்டால், என்னைப் போன்ற தாத்தா பாட்டிகள் அதைக் கத்தரித்து டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.