முதல் நாள் வலிமை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் கான்கிரீட், வேலை முடிந்ததும் மட்கிப்போகும் பிளாஸ்டிக் என்று புதிய பொருள்களைப் பற்றிய செய்திகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அவை நாற்பது ஆண்டு கழித்து, நம் சிங்கப்பூர் வெயிலிலும் ஈரத்திலும் என்னவாக மாறியிருக்கும் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்டாக வேண்டும்.

பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். குளியலறைக் கூரையில் முதலில் சாயம் உப்பும். அப்புறம் ஒரு கோடு விழும். ஒருநாள் துண்டு பெயர்ந்து விழுந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரியும். பழுதுபார்க்க வருபவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் பூசி, புதுக் கலவை வைத்து அடைப்பார். பாத்திரம் பண்டமெல்லாம் தூசி.

இதற்கு முக்கியக் காரணம் காற்றிலுள்ள கரியமில வாயு. அது ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. ஈரமும் சேர்ந்தால் துருதான். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது.

அதே கரியமில வாயு சுண்ணாம்புக்கு உறுதி சேர்க்கிறது! சிட்டி ஹால் அருகிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள் 1856 முதல் 1861 வரை கட்டினார்கள். உட்சுவர்ப் பூச்சு நம் மெட்ராஸ் சுண்ணாம்புதான்: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பூசிக் காய்ந்த பின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். சுண்ணாம்பு காற்றை வாங்கி வாங்கி, காலப்போக்கில் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகும். சிறு விரிசலில் நீர் புகுந்தால், கரைந்த சுண்ணாம்பே அங்கு படிந்து அதை அடைப்பதும் உண்டு. அந்தக் கைதிகளின் பெயர்கூட நமக்குத் தெரியாதது எனக்கு வருத்தம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் செய்ததும் இந்த வழியில்தான். கான்கிரீட்டுக்குள் பாக்டீரியாவையும் அதற்கான உணவையும் உறங்க வைத்தார். விரிசல் வழியே நீர் வந்ததும் அது விழித்து, சுண்ணாம்புக்கல்லை உண்டாக்கி விரிசலை மூடுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசல்தான்; ஆனால் ஈரம் கம்பியை எட்ட அது போதுமே.

மட்கும் பிளாஸ்டிக் விஷயம் வேறு. பெரும்பாலும் மக்காச்சோளம், கரும்பிலிருந்து வரும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வகை ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில், உர ஆலையில்தான் ஒழுங்காக மட்கும். நம் வீட்டுக் குப்பையோ எரியூட்டப்பட்டு, சாம்பல் துவாஸிலிருந்து, குப்பை நிரப்பும் இடமான செமாக்காவ் தீவுக்குப் போகிறது. மட்குவதற்கு நேரம் ஏது? அந்தத் தீவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். எந்த ஊருக்கு, எந்த முடிவுக்கு என்று பார்க்காமல் ‘பசுமை’ முத்திரை குத்துவது சரியல்ல.

வீவக வீட்டின் குத்தகை 99 ஆண்டு. பொதுப் பணத்தில் வாங்கும் கட்டுமானப் பொருள் எதுவானாலும் விலை, வலிமையோடு இன்னும் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: 20, 40, 60 ஆண்டில் அது எப்படி மாறும், பழுதானால் எப்படிச் சரிசெய்வது, இடித்தால் எங்கே போகும். வெளிநாட்டுச் சோதனை முடிவை மட்டும் நம்பாமல் இங்கேயே சோதிக்க வேண்டும். 2016லேயே வளையும் கான்கிரீட்டைச் செய்துகாட்டிய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நம்மிடம் இருக்கிறதே. புது வீட்டுச் சாவியோடு, எந்த ஆண்டில் கூரையின் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பையும் நான்கு மொழிகளில் கொடுக்கலாம். இதுபற்றி அதிகாரிகளிடம் கேட்டுத் தங்கள் நாளிதழ் ஒரு கட்டுரை வெளியிட்டால் பலருக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அங் மோ கியோ