'விழுதல்' என்று மட்டும் சொல்லித்தராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் முதியோர் இல்லச் செவிலியராக இருக்கிறேன். வந்த புதிதில் ஒரு பாட்டி, என் பெயர் தனக்கு 'என்ட்ஃபாலென்' என்று ஜெர்மனில் சொன்னார். 'ஃபாலென்' என்றால் விழுதல் என்று மட்டுமே படித்திருந்த நான், பதறிப்போய் அவர் இடுப்பையும் காலையும் தொட்டுப் பார்த்தேன். பெயர் மறந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறார்! கீழே விழுந்தால் 'ஹின்ஃபாலென்'. 'ஐன்ஃபாலென்' நினைவுக்கு வருவது, 'டுர்ஷ்ஃபாலென்' தேர்வில் தோற்பது, 'கெஃபாலென்' பிடித்துப்போவது. நாம் 'காதில் விழுந்தது' என்பதில்லையா, அதுபோல.

இவற்றில் சில முன்னொட்டுகள் பிரிந்து வாக்கியக் கடைசிக்குப் போய்விடும். ரத்தாவது 'அவுஸ்ஃபாலென்'; ரயில் நிலைய அறிவிப்பில் 'ஃபாலென்' திரிந்து 'ஃபெல்ட்' என்று கேட்டபின், இறுதியில் 'அவுஸ்' வந்தால்தான் வண்டி ரத்து என்று புரியும். ஜெர்மன் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் இவற்றை முழு வாக்கியங்களாகவே சொல்லித்தர வேண்டுகிறேன்.

– ஒரு தமிழ்ச் செவிலியர், ஸ்டுட்கார்ட்