மூலிகைப் பட்டியல் கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

எந்த நோய்க்கு எந்த மூலிகை என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தாய். போட்டால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் கண்ணு. ஆனால் "இருமலுக்கு ஆடாதோடை" என்று ஒரு வரி எழுதினால், இலையா வேரா, பச்சையா காய்ந்ததா, கொதிக்கவைப்பதா ஊறவைப்பதா, எவ்வளவு, எத்தனை நாள், யார் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் விடுபட்டுப்போகும். மருந்து இருப்பதோ அந்த விடுபட்ட பகுதியில்தான். அதனால் பட்டியலை விட்டுவிட்டு அந்தப் பகுதியை எழுதுகிறேன்.

முதலில் தீயின் வேலையைத் தெரிந்துகொள். சீனாவில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு முறை எழுதிவைத்தார். ச்சிங்ஹாவ் என்ற செடியில் ஒரு கைப்பிடி எடுத்து, பழைய சீன அளவில் இரண்டு ஷெங் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். காய்ச்சு என்ற சொல்லே அதில் இல்லை. மலேரியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த தூ யூயூ 1971இல் இந்த வரியைப் படித்தபோது, செடியைக் கொதிக்கவைத்ததால்தான் குணம் கெட்டிருக்கும் என்று ஊகித்தார். சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக்கொண்டு, சூடு ஏறாமல் சாரத்தை எடுத்துப் பார்த்தார். மருந்து வேலை செய்தது. அதிலிருந்து பிரித்தெடுத்ததுதான் ஆர்ட்டெமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைப் படித்துவிட்டு அந்தச் செடியைத் தேநீராகப் போட்டு மலேரியாவைத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஆர்ட்டெமிசினின் தண்ணீரில் சரியாகக் கரையாது. அரைகுறை அளவு உடம்பில் போனால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் அந்தத் தேநீரை ஏற்காததற்கு இவையெல்லாம் காரணம்.

இதற்கு நேர் எதிரானது நாபிக் கிழங்கு. வலிக்கும் வாதத்துக்கும் சீன மருத்துவத்திலும் நம் சித்த மருத்துவத்திலும் உண்டு. அதிலுள்ள அக்கோனிட்டின் நாக்கை மரக்கச் செய்யும். சற்றே மிஞ்சினால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கிக் கொன்றுவிடும். சீனர்கள் அதைப் பக்குவப்படுத்திய பிறகும் மணிக்கணக்கில் கொதிக்கவைப்பார்கள். நீரும் சூடும் சேர்ந்து அக்கோனிட்டினை உடைத்து, நஞ்சு பலமடங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. கொதிக்கும் நேரத்தைக் குறைத்தவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். நம் வைத்தியத்தில் நஞ்சு நீக்கும் சுத்தி செய்யாமல் நாபியைச் சேர்ப்பதே இல்லை. வீட்டில் நீ அதைத் தொடவே கூடாது. ஒன்றின் குணத்தைக் கெடுக்கிற அதே தீ இன்னொன்றின் நஞ்சை முறிக்கிறது என்பது உன் மனதில் நிற்க வேண்டும், அதற்காகத்தான் சொன்னேன். "எல்லாவற்றையும் நன்றாகக் கொதிக்கவிடு" என்பதும் "பச்சையாகச் சாப்பிடுவதுதான் சத்து" என்பதும் ஒரே அளவுக்குத் தவறு.

சிலவற்றுக்குத் தீ வேண்டாம், காலம் வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரப் பழங்குடிகள் மலச்சிக்கலுக்குப் பயன்படுத்திய காஸ்காரா மரப்பட்டையை உரித்த கையோடு கொடுத்தால் வாந்தியும் வயிற்று முறுக்கும் வரும். ஓராண்டு போட்டுவைத்தால் பட்டையிலுள்ள கடுமையான பொருள்கள் தணிந்துவிடும். பூண்டுக்கு இதே கணக்கு நிமிடங்களில். நசுக்கினால்தான் அதன் நொதி வேலை தொடங்கி அல்லிசின் என்ற மருந்துப் பொருள் உண்டாகும். நசுக்கியதும் சூட்டில் போட்டால் நொதி செத்துப்போகும். பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் போடு.

இனி வீட்டில் நீ செய்யக்கூடியது. துளசி, புதினா, கற்பூரவல்லி, சீமைச் சாமந்திப் பூ என்று வாசனை உள்ள இலையும் பூவும் எல்லாம் ஊறலுக்கு உரியவை. அவற்றின் குணத்தில் பெரும்பங்கு ஆவியாகப் போகும் எண்ணெயில் இருக்கிறது. உலர்ந்தது இரண்டு கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி குவித்து எடு. கொதித்து இறக்கிய நீர் 150 முதல் 200 மி.லி. வரை ஊற்றி, உடனே மூடி, பத்து நிமிடம் விடு. திறக்கும்போது மூடியின் அடியில் திரண்டிருக்கும் நீர்த்துளிகளையும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடு. வீடெல்லாம் மணக்கிறது என்றால் கோப்பையில் இருக்க வேண்டியது காற்றில் போய்விட்டது என்று பொருள்.

வேர், பட்டை, கட்டை, காய்ந்த காய் இவற்றுக்குக் கஷாயம். பழைய கணக்கு இது: மெல்லிய சரக்குக்கு நான்கு பங்கு நீர், நடுத்தரத்துக்கு எட்டு, கடினமானதற்குப் பதினாறு. முதல் இரண்டையும் கால் பங்காகவும், பதினாறு பங்கு ஊற்றியதை எட்டில் ஒன்றாகவும் வற்றவைப்பார்கள். 20 கிராம் கட்டை வேர் என்றால் 320 மி.லி. நீர், வற்றி நிற்பது 40 மி.லி. கண்ணால் அளந்தால் தவறும். முதலில் வெறும் பாத்திரத்தில் 40 மி.லி. நீர் ஊற்றி, ஒரு குச்சியை நட்டு, நனைந்த இடத்தில் கோடு போட்டுக்கொள். பிறகு மீதி நீரையும் சரக்கையும் சேர்த்து, சிறுதீயில் மூடாமல் வைத்து, அவ்வப்போது குச்சியை விட்டுப் பார். சரக்கு கிடக்கும் பாத்திரத்தில் மட்டம் சற்று உயர்ந்து தெரியும் என்பதால், கோட்டுக்கு வந்ததும் வடித்து அளந்து சரிபார்த்துக்கொள். சரக்கை ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மாவாகப் பொடித்தால் அடிப்பிடிக்கும், வடிகட்டவும் வராது. இரும்புச் சட்டி வேண்டாம். கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கு இரும்போடு சேர்ந்து கருத்துவிடும். எவர்சில்வரோ மண் சட்டியோ நல்லது. கஷாயத்தை அன்றன்றே முடித்துவிடு. மறுநாளுக்கு வைத்தது மருந்தில்லை, கிருமிக்கு உணவு.

அடுத்து, செடியில் எந்த உறுப்பு என்பது. "கடுக்காய்க்கு அகணி நஞ்சு, சுக்குக்குப் புறணி நஞ்சு" என்ற வரி உனக்குத் தெரியும். கடுக்காயில் கொட்டையை நீக்கிச் சதையை எடு, சுக்கில் தோலைச் சீவு என்பதுதான் அதன் பொருள். ஒரே செடிக்குள் எது மருந்து, எது தள்ள வேண்டியது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். சோற்றுக்கற்றாழையிலும் அப்படித்தான். நடுவிலுள்ள சோறு குளிர்ச்சி. தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் கடும் பேதி. அதைக் காயவைத்ததுதான் கரியபோளம். மடலை வெட்டியதும் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி பத்து பதினைந்து நிமிடம் நிறுத்திவை. மஞ்சள் பால் வடிந்ததும் கழுவி, தோல் சீவி, சோற்றை மறுபடியும் நன்றாக அலசு. கற்றாழை ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைப் பிடுங்குகிறது என்பவர்களில் பலர் இந்தப் பாலைச் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். ஆமணக்கில் இது இன்னும் கொடிது. பக்குவமாக எடுத்த எண்ணெய் பேதி மருந்து, விதை கொலை நஞ்சு. விதையிலுள்ள ரிசின் என்ற நஞ்சு எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கில் தங்கிவிடும்.

நான் அதிகம் பயப்படுவது பெயருக்குத்தான். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காக ஒரு சீன மூலிகைக் கலவையைச் சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் வரிசையாகச் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். கலவையில் இருக்க வேண்டியது ஸ்டெஃபானியா என்ற கொடியின் வேர், இருந்ததோ அரிஸ்டோலோக்கியா. சீனத்தில் இரண்டின் பெயரும் "ஃபாங் ஜி" என்றே முடியும். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை வடுவாக்குவதோடு நிற்காமல், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். இது தூரத்துக் கதை என்று நினைத்துவிடாதே. நாம் ஆடுதீண்டாப்பாளை என்றும் ஈஸ்வரமூலி என்றும் சொல்வது அதே குடும்பம், அதே அமிலம். எவ்வளவு பழைய வழக்காக இருந்தாலும் இந்த இரண்டையும் உள்ளுக்குச் சாப்பிடாதே. நூறாண்டு அனுபவம் உடனே வரும் வாந்தியைக் கண்டுபிடித்துவிடும். பத்தாண்டு கழித்து வரும் புற்றுநோயை அது பார்ப்பதற்கு வழியில்லை.

பிரம்மி என்று கேட்டால் ஒருவர் நீர்ப்பிரம்மியைத் தருவார், வடக்கே இன்னொருவர் வல்லாரையைத் தருவார். அதனால் தாவரவியல் பெயரோடு கேட்டு வாங்கு: நீர்ப்பிரம்மி பக்கோப்பா மொன்னீரி, வல்லாரை சென்டெல்லா ஆசியாட்டிகா. தானே பறிப்பதாக இருந்தால் பூவோ காயோ இல்லாத செடியைப் பறிக்காதே. ஐரோப்பாவில் காம்ஃப்ரே இலை என்று நினைத்து, இதயத்தைப் பாதிக்கும் டிஜிட்டாலிஸ் என்ற செடியின் பூக்காத பருவத்து இலையைத் தேநீர் போட்டுக் குடித்து இதயம் தடுமாறியவர்கள் உண்டு.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த டிஜிட்டாலிஸ் நல்ல பாடம். இங்கிலாந்தில் ஒரு மூதாட்டி உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்குக் கொடுத்துவந்த கலவை 1775இல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளில் வேலை செய்வது இந்த ஒன்றுதான் என்று அவர் கண்டார். பத்தாண்டு நோயாளிகளைக் கவனித்து 1785இல் எழுதி வெளியிட்டார். அவருக்குத் தலைவலியாக இருந்தது செடியின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுவது. பூக்கும் சமயத்து இலையை மட்டும் எடுத்து, உலர்த்திப் பொடித்து, குறைந்த அளவில் தொடங்கி, குமட்டலோ நாடி தளர்வதோ தெரிந்தால் நிறுத்தினார். குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறுகல். இன்றைக்கு அது இரத்தத்தில் அளந்து பார்த்துக் கொடுக்கும் மாத்திரை. இலையாக யாரும் எடுக்கக்கூடாது.

எத்தனை நாள் என்பதை யாரும் கேட்பதே இல்லை. அதிமதுரம் தொண்டைக்கு இதமானது, நாலு நாள் சுவைத்தால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் தினமும் போனால் அதிலுள்ள கிளிசரைசின் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். நிலவாகை இலை பெருங்குடலிலுள்ள கிருமிகள் மாற்றிக்கொடுத்த பிறகே வேலை செய்யும், ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் இரவில் கொடுப்பது. காலையில் போகவில்லையே என்று அவசரப்பட்டு இன்னொரு முறை குடிப்பவர்கள் பிற்பகலில் அவதிப்படுவார்கள். ஒரு வாரத்துக்கு மேல் வேண்டியிருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய மலச்சிக்கல்.

நித்தியகல்யாணியைப் பற்றி நீ தனியாகக் கேட்டிருந்தாய். மடகாஸ்கரில் பிறந்த செடி. சர்க்கரை நோய்க்கு அதன் இலைத் தேநீர் என்ற வழக்கு ஜமைக்காவில் இருந்ததால், கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தில் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துப் பொருள் வெளிவந்தது. பிறகு வின்கிரிஸ்டினும் வந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உயிர்காக்கும் மருந்தாயிற்று. இலையில் அவை மிகமிகக் குறைவு. சில மில்லிகிராம் எடுக்கக் கிலோக்கணக்கில் இலை வேண்டும். ஆகவே அந்தத் தேநீர் புற்றுநோய்க்கு மருந்தாகாது, சர்க்கரைக்கும் நம்பத்தக்கதில்லை. பூவை மட்டும் ரசித்துக்கொள்.

வேறு மாத்திரை சாப்பிடுபவருக்கு மூலிகை கொடுக்குமுன் இரண்டு முறை யோசி. மனச்சோர்வுக்கு ஐரோப்பியர்கள் எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டுப் பிற மருந்துகளை விரைவாகக் கரைத்துவிடும். கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். மாற்று உறுப்பு பொருத்தியவருக்கு அந்த உறுப்பையே உடம்பு நிராகரித்துவிடலாம்.

உலர்த்துவதைச் சாதாரணமாக எண்ணாதே. 1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் சிறு காயத்திலேயே இரத்தம் உறையாமல் செத்தன. ஈரத்தோடு அடுக்கிப் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடிதான் காரணம். செடியில் இயல்பாகவே இருந்த கூமரின் என்ற பொருளைப் பூசணம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் டைகூமராலாக மாற்றியிருந்தது. இரத்தக்கட்டுக்குக் கொடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்து அந்தத் தடத்தில் வந்ததுதான். நிழலில், காற்று ஓடும் இடத்தில், ஒற்றை அடுக்காகப் பரப்பு. இலை கையில் நொறுங்க வேண்டும், காம்பு வளையாமல் ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பூசண வாடை லேசாக வந்தாலும் வெயிலில் போட்டு மீட்கப் பார்க்காதே, மொத்தத்தையும் கொட்டிவிடு. இலையும் பூவும் ஓராண்டுக்கு, வேரும் பட்டையும் இரண்டாண்டுக்கு. பொடியாக்கினால் சில மாதம்தான், அதனால் தேவைக்கு மட்டும் இடி.

இப்போது அந்த ஆடாதோடை வரியை முழுதாக எழுதித் தருகிறேன். இலை. பச்சை இலைச் சாறு, வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மி.லி., தேனோடு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. இலையிலுள்ள வாசிசின் சளியை இளக்கும், அதை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உண்டாக்கினார்கள். அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கவும் தூண்டும், ஆகவே கர்ப்பிணிக்குக் கிடையவே கிடையாது. ஐந்தாறு நாளில் குறையாவிட்டால் நிறுத்து. சளியில் இரத்தம் வந்தாலோ, மூச்சு இரைத்தாலோ, இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ மருத்துவரிடம் போ.

ஒவ்வொரு டப்பாவிலும் இதே வரிசையில் ஒரு சீட்டு ஒட்டு: தாவரவியல் பெயர், உறுப்பு, உலர்த்திய நாள், செய்முறை, அளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது. ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்ப முடியவில்லை என்றால் அந்த டப்பாவைத் திறக்காதே, எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா