ஆக்ரி கடைக்குப் போன மாஷோட பேப்பர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

நான் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கேன், பத்திரிகைக்கு லெட்டர் போடுறது இதான் மொத தடவை, தப்பு இருந்தா திருத்திக்கோங்க. எங்க ஊர்ல ஒரு எகனாமிக்ஸ் புரொபசர் இருந்தார், தமிழ்க்காரர்தான், ஆனா தமிழ், மலையாளம் ரெண்டு பாஷைக்காரங்களுக்கும் அவர் மாஷ், அதாவது வாத்தியார். போன வருசம் தவறிட்டார். பசங்க வெளிநாட்டுல, வீட்டை சீக்கிரம் ஒழிக்கணும், அதனால புஸ்தகத்தை மட்டும் ஒரு லைப்ரரிக்கு குடுத்துட்டு ஃபைல், நோட்டு, கடுதாசி எல்லாத்தையும் சாக்குல கட்டி ஆக்ரி கடைக்கு, அதாங்க பழைய பேப்பர் கடைக்கு, எடை போட்டுட்டாங்க. எனக்கு விசயம் தெரிஞ்சு வண்டிய எடுத்துட்டு ஓடுறதுக்குள்ள பாதி லோடு போயிருச்சு. மூணு சாக்கு மீட்டுட்டு வந்தேன், கடைக்காரன் என்னை ஒரு மாதிரியாதான் பாத்தான்.

பசங்க மேல கோவம் இல்லைங்க. புஸ்தகம்னா மதிப்பு, கையெழுத்து பேப்பர்னா குப்பைன்னு தான் நாம எல்லாருமே நினைக்கிறோம். உண்மையில தலைகீழ். அவர் குடுத்த புஸ்தகம் வேற எங்கயாச்சும் கிடைச்சிரும், இந்த சாக்குல இருக்கிறது உலகத்துலயே ஒரு காப்பிதான்.

என்ன இருக்குன்னா, வீடு வீடா போய் எழுதுன சர்வே ஃபாரம். நெல்லுக் கூலி இடங்கழி கணக்குல, பாட்டம்னு சொல்ற குத்தகை பறை கணக்குல, ரெண்டும் இந்தப் பக்கத்து பழைய நெல் அளவு. ஒரு வீட்டுக்கு தமிழ்ல எழுதிருக்கார், அடுத்த வீட்டுக்கு மலையாளத்துல, யார் எந்த பாஷையில பதில் சொன்னாங்களோ அப்படியே. ஓரத்துல பென்சில்ல "இவர் பொய் சொல்றார், மாடு ரெண்டு இல்ல நாலு"ன்னு ஒரு குறிப்பு, சிரிச்சிட்டேன். தமிழ்நாடும் கேரளாவும் போட்ட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தத்துல மணக்கடவு வழியா எங்க சித்தூர் புழைக்கு (ஆத்துக்கு) வருசம் 7.25 டிஎம்சி தண்ணின்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா எந்த மாசம் எந்த வாய்க்கால் காஞ்சு கிடந்துச்சு, அந்த மாசம் யாரு யாருகிட்ட கடன் வாங்குனாங்கன்னு இந்த நோட்டுலதான் இருக்கு. அச்சுல வந்த கட்டுரையில நாலு டேபிள்தான், எந்த வீட்டை ஏன் விட்டார்ங்கிறது இதுல இருக்கு.

1915ல கில்பர்ட் ஸ்லேட்டர் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு எகனாமிக்ஸ் புரொபசரா வந்தப்ப, மாணவங்களை அவங்கவங்க சொந்த ஊருக்கே அனுப்பி கணக்கு எடுக்க வச்சார், 1918ல அது புஸ்தகமாச்சு. தூசி, இருவேல்பட்டு, கங்கைகொண்டான் எல்லாம் அதுல இருக்கு. அப்புறம் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்கள்ல மறுபடி கணக்கெடுத்து 1940ல போட்டாங்க. பழைய கணக்கு கையில இருந்ததாலதானே ஒப்பிட முடிஞ்சுது? எங்க மாஷ் போன ஊருக்கு நாளைக்கு ஒரு பொண்ணோ பையனோ ரிசர்ச்சுக்கு போனா எதை வச்சு ஒப்பிடுவாங்க?

வெளிநாட்டுல இதுக்கு இருக்கிற மரியாதையே வேற. இங்கிலாந்து பொருளாதார மேதை ரிக்கார்டோ 1823ல செத்துட்டார், அவர் சிநேகிதர் ஜேம்ஸ் மில்லுக்கு எழுதுன கடுதாசிங்க 1943ல அயர்லாந்துல ஒரு வீட்ல பெட்டிக்குள்ள இருந்து கிடைச்சுது. அதனால ரிக்கார்டோ எழுத்தையெல்லாம் ஸ்ராஃபாங்கிற பொருளாதார அறிஞர் வருசக்கணக்கா தொகுத்துட்டு இருந்த வேலையை திரும்ப மாத்த வேண்டியதாச்சு. நல்லவேளை அந்த வீட்டுப்பக்கம் ஆக்ரிக்காரன் வரல. அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டியில பொருளாதாரக்காரங்க பேப்பருக்குன்னே தனி ஆர்க்கைவ் (ஆவணக் காப்பகம்) இருக்கு, சாமுவெல்சன், ஆரோ பேப்பரெல்லாம் அங்கதான். நோபல் வாங்குனவங்களுக்கு மட்டும்தான் இதெல்லாமான்னு கேப்பாங்க. எங்க ஊரு வாய்க்காலை பத்தி சாமுவெல்சன் எழுதலையேங்க.

நான் ரெண்டு ஆபீசுக்கு போன் போட்டேன், பேர் வேண்டாம். கேரளா ஆபீஸ்ல, தமிழ்ல இருக்கே, அங்க கேளுங்கன்னாங்க. தமிழ்நாட்டு ஆபீஸ்ல, கேரளா விசயமாச்சே, அங்கயே குடுங்கன்னாங்க. பழைய காலத்துலயும் எங்க நிலைமை இதான், சித்தூர் கொச்சி ராஜ்யத்துல, பக்கத்துல பாலக்காடு 1956 வரைக்கும் மெட்ராஸோட, அந்த காலத்து ரிக்கார்டும் அப்படியே பிரிஞ்சு கிடக்கு. எல்லையில இருக்கிறவன் பேப்பர் யாருக்கும் சொந்தமில்ல போல.

உங்க பத்திரிகை மூலமா நான் கேக்கிறது ரெண்டுதான். வீட்ல வாத்தியார், புரொபசர் யாராச்சும் இருந்து போயிருந்தா எடை போடுறதுக்கு முன்னாடி ஒருத்தரை கூப்பிட்டு காட்டுங்க. நீங்களே உக்காந்து தரம் பிரிக்காதீங்க, எந்த ஃபைல்ல எது கூட எது இருந்துச்சோ அப்படியே விடுங்க, அந்த அடுக்குலயே பாதி விசயம் இருக்கு, துருப்பிடிச்ச குண்டூசியை மட்டும் பதமா எடுத்துருங்க. அடுத்தவங்க கடன் விவரம், சொந்தக் கடுதாசி எல்லாம் இருக்கேன்னு பயம் வேண்டாம், ஆர்க்கைவ்ல இத்தனை வருசம் யாருக்கும் காட்டக்கூடாதுன்னு மூடி வைக்க வழி இருக்கு. ரெண்டாவது, திருவனந்தபுரத்துல கே.என். ராஜ் ஆரம்பிச்ச வளர்ச்சி ஆய்வு மையமோ, சென்னை அடையார்ல ஆதிசேஷையா ஆரம்பிச்ச வளர்ச்சி ஆராய்ச்சி இன்ஸ்டிடியூட்டோ, அந்த மாதிரி இடத்துல வேலை பாக்கிற யாராச்சும் இதை படிச்சா ஒரு தடவை வந்து பாத்துட்டு போங்க, எடுத்துக்கலைன்னாலும் பரவாயில்ல, ஸ்கேன் பண்ணியாச்சும் வைங்க.

மூணு சாக்கும் பரண்ல அந்துருண்டை போட்டு வச்சிருக்கேன். எடவப்பாதி மழைக்கு, அதான் ஜூன் மாசத்து பருவமழைக்கு, அந்த இடம் ஒழுகும். ஒழுகலைன்னாலும் தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கிறப்போ என் வீட்டுக்காரி அதே ஆக்ரிக்காரனை கூப்பிடப்போறேன்னு சொல்லிட்டா, அவ சும்மா சொல்ற ஆள் இல்லைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மாஷோட பழைய மாணவன்
கொழிஞ்சாம்பாறை