பின்பக்கம் எழுதாத படங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், ஃபேன் ஓடாத இந்த ஹாலில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருவல்லிக்கேணியில் நம் குடியிருப்போர் சங்கம் தொடங்கியது தண்ணீர், குப்பை, தெருவிளக்கு என்ற மூன்று புகார்களுக்காக. மூன்றும் இந்த ஆண்டும் குறைவில்லாமல் இருந்தன. செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது; டிசம்பரில் மட்டும் மழையால் தள்ளிப்போனது. மழைநீர் வடிகாலுக்காக மூன்று மனுக்கள் கொடுத்தோம், ஒன்றுக்குப் பதில் வந்தது. கோடி வீட்டு முனையில் விளக்கு இப்போது எரிகிறது. மிச்ச நேரத்தைப் பழைய போட்டோ சேர்க்கும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். "சாக்கடை அடைப்பைப் பார்க்காமல் போட்டோ எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் அறிக்கைக்குள் இருக்கிறது.

முதலில், இந்த ஆண்டு நாம் இழந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி. அவர்களில் ஒருவர் செப்டம்பரில் நம் மேஜைமுன் உட்கார்ந்து, ஒரே குரூப் போட்டோவில் பதினொரு பேருக்குப் பெயர் சொன்னவர். ஜனவரியில் போய்விட்டார். அந்தப் பதினொரு பெயரையும் வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

படம் சேர்க்கும் முறையை இந்த ஆண்டு மாற்றினோம். முன்பு படங்களை வாங்கி வந்து, வெளியே கொடுத்து ஸ்கேன் செய்து, ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுப்போம். ஒரு முறை அப்படிக் கொடுத்த இடத்தில், பார்வையாக இருக்கட்டும் என்று படம் ஒட்டியிருந்த தடித்த அட்டையின் நான்கு ஓரத்தையும் நறுக்கிவிட்டார்கள். அட்டையின் அடியில்தான் ஸ்டூடியோவின் பெயர் அச்சாகியிருந்தது. பெயர் இருந்திருந்தால் நிக்கலஸ் கம்பெனியா, வீலே அண்ட் கிளைனா, வேறு யாருமா என்று பார்த்துக் காலத்தை ஓரளவு கணித்திருக்கலாம். படத்தின் ஜாதகத்தையே கத்தரித்துப் போட்டுவிட்டார்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம்; கொடுத்த நமக்கும் புத்தி இல்லை. இப்போது மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ஸ்கேனரை நாமே ஹாலில் வைக்கிறோம். ஆல்பத்தோடு வாருங்கள், காப்பி குடியுங்கள், படத்தோடு திரும்பிப் போங்கள். அசல் ஒரு ராத்திரிகூட நம்மிடம் தங்காது. படத்துக்கு மாலை போட்டு, சின்ன பல்பு எரியவிட்டுக் கும்பிடுகிற வீடுகளில் "கழற்றிக் கொடுங்கள்" என்று கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது போனவர்களுக்குத் தெரியும். அந்தச் சங்கடம் இப்போது பாதியாகக் குறைந்திருக்கிறது.

இனி அந்த ஞாயிறுகளில் நடந்த சச்சரவுகள். நம் உறுப்பினர்களுக்குத் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாகப் பிடித்த சண்டை, ஒரு படம் எந்த வருஷம் எடுத்தது என்பதுதான். மவுண்ட் ரோடு படம் ஒன்று வந்தது. டிராம் ஓடுகிறது. சென்னையில் மின்சார டிராம் 1895 முதல் 1953 ஏப்ரல் வரை ஓடியது, ஆக 53க்கு முன்னால். அடுத்து நீல் சிலை. 1857 கிளர்ச்சியில் கொடூரம் செய்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நீலின் சிலையை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் அது மவுண்ட் ரோட்டைவிட்டுப் போனது. இப்போது எழும்பூர் மியூசியத்தில் நிற்கிறது. சிலை நின்றிருக்க வேண்டிய இடம் படத்தில் வெறிச்சென்று இருக்கிறது. ஆக, 37க்குப் பின். பதினாறு வருஷ இடைவெளிக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். அப்போது இணைச் செயலாளர் அம்மா லென்ஸை வைத்துப் பார்த்து, ஓரத்தில் நிற்கும் காரின் முன்விளக்கில் பாதியை மறைத்திருப்பதைக் காட்டினார். அது யுத்த கால இருட்டடிப்பு. "எங்கப்பா யுத்தத்தப்போ எடுத்ததுன்னு காலையிலேர்ந்து சொல்றேன், கேட்டீங்களா?" என்றார் படத்தைக் கொண்டுவந்த பெரியவர். கேட்கவில்லைதான்.

இந்த மாதிரி அடையாளங்கள் எல்லோருக்கும் உதவும். ரிப்பன் மாளிகை கண்ணில் பட்டால் 1913ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ. எல்.ஐ.சி. தெரிந்தால் 1959ஐ ஒட்டி, அல்லது அதற்குப் பின். மூர் மார்க்கெட் முழுசாக இருந்தால் 1900க்கும், அது எரிந்த 1985 மே மாதத்துக்கும் நடுவில். கடற்கரையில் கண்ணகி சிலை இருந்தால் 1968க்குப் பின். 2001 கடைசியிலிருந்து 2006 வரை அங்கே சிலை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிகப் பழைய தெருப் படங்களைப் பார்த்து, "அந்தக் காலத்தில் மெட்ராஸில் ஆளே இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆள் இருந்தார்கள். அந்தக் கேமராவுக்கு வெளிச்சம் வாங்க நெடுநேரம் வேண்டும். நடந்துகொண்டிருந்தவர்கள் படத்தில் பதியவே இல்லை. கட்டடம் அசையாமல் நின்றது, பதிந்தது.

எம்டன் படம் இரண்டு வீடுகளிலிருந்து வந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் குண்டு போட்டு, துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த காட்சி. இரண்டு வீட்டாரும் தங்கள் கொள்ளுத்தாத்தா எடுத்தது என்றார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புகையின் சுருள்கூட ஒன்றே. அப்போது கடைகளில் விற்ற அச்சுப் படமாகத்தான் இருக்க வேண்டும். இரு வீட்டாருக்கும் கொஞ்சம் வருத்தம். ஆனால் என்னைக் கேட்டால், அந்தப் பயத்தைக் காசு கொடுத்து வாங்கி நூறு வருஷம் பெட்டியில் வைத்திருந்ததுதான் பெரிய சேதி. ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். "சரியான எம்டன்டா அவன்" என்ற பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறு, யாரும் விற்காத படம். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தபோது ஓர் உறுப்பினரின் தந்தையார் வீட்டில் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். ஏழு படம் வீட்டுக் குழந்தையின் பிறந்த நாளுக்கு ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிச்சம் ஐந்தில் இரண்டில் வெளிச்சம் ஏறிப் பாழ். மூன்றில் ஜனம். முகம் தெரியவில்லை, தலை தலையாக, மரத்திலும் மதில்மேலும். ராஜாஜி ஹாலிலிருந்து கடற்கரை வரை போன அந்த ஊர்வலத்தைப் பத்திரிகைக்காரர்கள் எவ்வளவோ நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் கேக் வெட்டும் குழந்தையும் அந்தக் கூட்டமும் ஒரே நெகட்டிவ் சுருளில் அடுத்தடுத்து இருப்பது எந்தப் பத்திரிகையிலும் கிடைக்காது. அதனால் ஏழையும் மூன்றையும் பிரிக்காமல் வரிசையாகவே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம்.

இப்போது குரூப் போட்டோக்கள். நம்மிடம் அதிகம் சேர்ந்திருப்பவை இவைதான்: மாநகராட்சிப் பள்ளி, வார்டு அலுவலகம், கூட்டுறவுப் பண்டகசாலை, ஓய்வு பெறும் அதிகாரிக்கு வழியனுப்பு விழா. எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கணம். நடுநாற்காலியில் மாலையோடு ஒருவர், இருபுறமும் நாற்காலிகள், பின்னால் நிற்பவர்கள், முன்னால் தரையில் சம்மணமிட்டவர்கள். அடியில் "அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலமாக" என்று பட்டப்பெயரோடு அச்சிட்டிருப்பார்கள். நிற்பவர்களில் முதல் வரிசைவரை பெயர் வரும். அதற்குமேல் ஓரத்தில் டவாலி போட்டு நிற்கும் பியூனும், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நிற்கும் துப்புரவுத் தொழிலாளியும், பம்ப்பு ஓட்டுகிறவரும் அடிக்குறிப்பில் கிடையாது. நம் தெருவுக்குத் தண்ணீர் விட்டவரும் குப்பை அள்ளியவரும் அவர்கள்தான். நாற்காலியில் இருப்பவரின் பெயர் சாலைப் பலகையிலேயே இருக்கும். அதை நாம் தேட வேண்டியதில்லை.

ஆகஸ்ட் ஞாயிறு ஒன்றில் ஓர் அம்மா ரேஷன் வாங்கிக்கொண்டு போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தார். மேஜையில் விரித்திருந்த வார்டு படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்து, "இது எங்க தாத்தா" என்றார். தாத்தா தெருக்குழாய் பழுது பார்த்தவர். அவர்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. இப்படி ஒன்று எடுத்ததே அவர்களுக்குத் தெரியாது. அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். கலங்கலாகத்தான் வந்தது. அடுத்த வாரம் அந்த அம்மா தன் பெரியப்பாவை அழைத்து வந்தார், அவர் இன்னும் நான்கு பேரைச் சொன்னார். சாக்கடைக் கேள்வி கேட்ட உறுப்பினருக்கு நான் சொல்ல வந்த பதில் இந்த நான்கு பேர்தான்.

கவுன்சிலர்கள் குரூப் போட்டோவில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைச் சேகரிப்புக் குழு கவனித்தது. எழுபதுகளின் தொடக்கத்துக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. தேடிச் சலித்த பிறகுதான் உறைத்தது: 1973 டிசம்பரில் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்துவிட்டார்கள், அடுத்த தேர்தல் 1996இல். இடையில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. 1688இல் தொடங்கிய மாநகராட்சிக்கு, நாடு விடுதலை அடைந்த பிறகு இருபத்துமூன்று வருஷம் குரூப் போட்டோ எடுக்க ஆள் இல்லை!

மெட்ராஸ் தினத்தை ஒட்டி ஆகஸ்டில் வைத்த கண்காட்சி நன்றாக நடந்தது. பேனரில் "புகைப்பட" என்பதற்குப் "புகைபட" என்று அச்சாகிவிட்டது. சுட்டிக்காட்டிய அனைவருக்கும் நன்றி, அந்தப் பட்டியல் நீளம். கூட்டம் அதிகம் நின்றது பூண்டி நீர்த்தேக்கத்தைப் பற்றிய பலகைமுன். மேயராக இருந்த சத்தியமூர்த்தி விடாப்பிடியாக நின்று தொடங்கி வைத்த திட்டம்; 1940இல் அடிக்கல், 1944இல் திறப்பு. இடையில் 1943 மார்ச்சில் அவர் காலமானார், அணையில் தண்ணீர் நின்றதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அடிபம்பு முன் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசைகட்டிய நம் தெருப் படம். அதன் முன்தான் சிரிப்பும் சண்டையும். "அந்தப் பச்சைக் குடம் என்னுது."

"உயிர் காலேஜ்" படங்களும் கூட்டம் சேர்த்தன. மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும், பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்லி வளர்ந்த தலைமுறைக்கு விளக்கம் வேண்டாம். சிறுவன் ஒருவன் கூண்டுமுன் நிற்கும் படத்தில் பின்னால் புலி தெரிகிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊர் காலியானபோது, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று அப்போது அங்கிருந்த புலி, சிங்கங்களைச் சுட்டுவிட்டார்கள். படம் அதற்கு முன்னாலா பின்னாலா என்ற சண்டை இன்னும் முடியவில்லை.

ஒரு விஷயத்தில் செயற்குழுவின் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மனிதர்களை உட்கார வைத்து ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்களை வைப்பதா வேண்டாமா என்று வாக்கெடுத்து, வேண்டாம் என்று முடிவானது. குழந்தைகள் வருகிறார்கள் என்றார்கள். சரி. ஆனால் அதே பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் வெட்டியதுதான் நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. கால்வாய்ப் படத்தை மாட்டி, வெட்டியவர்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். அடுத்த ஆண்டு மறுபடி கேட்பேன்.

படங்களின் உடல்நிலை பற்றிச் சுருக்கமாக. நம் கடற்கரைக் காற்றுக்கு எதுவும் நிற்பதில்லை. ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு கொண்டுவாருங்கள், அப்படியே ஸ்கேன் செய்யலாம். செல்லோடேப் வேண்டாம். பசைத்தாளில் ஒட்டிப் பிளாஸ்டிக் மூடும் ஆல்பம் வேண்டவே வேண்டாம். மூலை மாட்டி ஒட்டிய பழைய கறுப்புத்தாள் ஆல்பமே மேல். இராமபாணப் பூச்சி அரித்த பெட்டியை வெயிலில் காயப்போடலாம், படத்தைக் கூடாது. 2015 வெள்ளத்தில் நனைந்த ஆல்பங்களை அடுக்கியபடியே காயவைத்து, செங்கல்போல ஆகிவிட்டதை மூன்று உறவினர் வீடுகளிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் மெல்லப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்தியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

புதுப் படங்கள்தான் இன்னும் மோசம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் ரயில் ஏறித் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடையில் நம் தெருவில் எல்லோரும் போனில் படம் எடுத்தோம். சேகரிக்கக் கேட்டால் கிடைத்தவை ஆறு. மற்றவை பழைய போனோடு போயின. 1940 கிடைக்கிறது, 2019 கிடைக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஸ்கேனர் தவணை இன்னும் இரண்டு மாதம் பாக்கி. ஹால் கொடுத்தவர்களுக்கும், காப்பி போட்ட மாமிக்கும், பைகிராப்ட்ஸ் ரோட்டு நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகங்களுக்குள் படம் இருந்தால் எடுத்துவைத்துத் தகவல் சொல்லும் நண்பர்களுக்கும் நன்றி.

அடுத்த ஸ்கேன் நாள் வரும் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி. படத்தின் பின்பக்கம் பெயர்களை எழுத 2பி பென்சில் மேஜையில் இருக்கும். பால்பாயின்ட் பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அழுத்தினால் முகத்தில் தடம் விழுகிறது. வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் ஆட்டோ செலவைச் சங்கம் ஏற்கும். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.